சின்னவளுக்கு ஒரு நட்சத்திரம்

ஜீப்பு வாசலுக்கு நேரே வந்து இரண்டு முறை ஆரன் அடித்தது. ராசிங்காபுரத்திலிருந்து போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு அது. ஒரு வீட்டில் எத்தனை பேர் வேலைக்கு வருகிறார்களோ அத்தனை ஆரன் என்பது டிரைவர் மலைச்சாமியின் வழக்கம். சுந்தரம்மாள் வீட்டுக்கு இரண்டு. ஒன்று அவளுக்கு, ஒன்று மகள் ராக்குவுக்கு.

அன்றைக்குக் கூட்டுக் கிணற்றில் சுந்தரம்மாளுக்குத் தண்ணீர் முறை. வயலில் வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே மம்பட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். ராக்கு மட்டும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு வெளியே வந்தாள்.

“ஒத்த ஆரன் போதும்ணே. ஆத்தா இன்னைக்கு வரல.”

“அந்த ரெண்டும் ஒங்க ஆத்தாளுக்கு அடிச்சது. ஒனக்கு இன்னும் அடிக்கவே இல்ல” என்று மலைச்சாமி மூன்றாவது தடவை அடித்தான். ஜீப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

“அடியே, இந்த மூடியையும் தொலைச்சிட்டு வந்து நிக்காத” என்று சுந்தரம்மாள் உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். “அப்புறம் கையிலதான் சோறு வாங்கிட்டுப் போகணும்.”

“போன மூடியக் கொரங்கு தூக்கிட்டுப் போச்சு. ஏங்கிட்ட ஏன் கேக்குற? மெட்டுக்கு வந்து அதுகிட்டக் கேளு.”

அதற்குள் மம்பட்டி கிடைத்துவிட்டது. சுந்தரம்மாள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வயலுக்குப் போனாள். அது எண்பத்து நான்காம் வருடம், ஆடி மாதம்.

ஏலச்செடி தூரில் காய்ப்பது. சரம் தரையோடு தரையாகக் கிடக்கும். காய் எடுக்கிறவள் குத்தவைத்து, தட்டைகளை விலக்கி, மண்ணைப் பார்த்தபடியே நாள் முழுக்க நகர வேண்டும். அண்ணாந்து பார்க்க அந்த வேலையில் இடம் கிடையாது. நிழலுக்கு நிற்கிற பெரிய மரங்களின் கொப்புகளை ஆடிக் காற்று எழும்புவதற்கு முன்னால் கழித்துவிட வேண்டும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அந்தத் தோட்டத்தில் இரண்டு வருடமாகக் கழிக்கவில்லை. மதியச் சோற்றுக்கு முன்பு காற்று மலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து நிரையில் இருந்த அய்யம்மாளுக்குக் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. ராக்குவைக் கூப்பிட அவள் வாயைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வெயில் சாய்வதற்கு முன்பே ஜீப்பு இறங்கி வந்தது. வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்த சுந்தரம்மாள் அதைப் பார்த்தாள். இந்நேரத்துக்கு ஏன் வருகிறது என்று நினைத்தாள். மலைச்சாமி ஆரன் அடிக்கவில்லை. தூக்குச்சட்டி சோற்றோடு அப்படியே திரும்பி வந்திருந்தது. மூடி பத்திரமாக இருந்தது.

மகன் திருப்பதி மெட்ராசில் பேங்கில் வேலையாக இருந்தான். தந்தி கிடைத்துப் பஸ்சு பிடித்து அவன் வந்து சேர்ந்தபோது மண்மேட்டில் ஈரம் காய்ந்துவிட்டது. அவன் அழுதான். பொய்யாக அழவில்லை. அவனைப் படிக்க வைத்ததில் ராக்கு எடுத்த காயும் உண்டு என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

அந்த வகையறாவில் கல்யாணம் ஆகாமல் போன பெண்ணுக்கு ஓலைப்பெட்டி வைப்பார்கள். புதுப் பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், சீப்பு எல்லாம் உள்ளே வைத்துப் பரணில் ஏற்றிவிடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை, மாட்டுப் பொங்கலன்று இறக்கித் திறந்து சூடம் காட்டிக் கும்பிடுவார்கள். பெட்டிக்குள் போனது அவளுடையது. திரும்ப எடுக்கக் கூடாது. இன்னொரு கட்டும் உண்டு. அவள் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வீட்டில் அடுத்துப் பிறக்கிற பெண் குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்துக் காதில் சொன்னால்தான் பெயர் வீடு திரும்பியதாகும். அதற்குப் பிறகு எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம். வாசலில் நின்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கத்தலாம். மூடியைத் தொலைத்ததற்கு வையலாம்.

சுந்தரம்மாளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. கணவன் வெள்ளைத்துரை போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பொழுது போயிருந்தது. இப்போது அடுப்படியில் நின்று பழக்கத்தில் வாயெடுப்பாள், முதல் எழுத்திலேயே விழுங்கிவிடுவாள். வெளியில் யாரிடம் பேசினாலும் “சின்னவ” என்றுதான். அவள் ஐந்தாவது வரை படித்தவள். மளிகைப் பொட்டலம் கட்டி வருகிற காகிதத்தைக்கூட வாசிக்காமல் கீழே போட மாட்டாள். ஒருநாள் பருப்புப் பொட்டலத்தில் எவளோ ஒருத்தியின் பெயராக ‘ராக்கு’ என்று அச்சாகியிருந்தது. அந்தத் துண்டை மட்டும் கிழித்து மஞ்சள் டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

பதினாறு கழிந்து மறுபடி வேலைக்குப் போன அன்றும் ஜீப்பு வாசலில் இரண்டு ஆரன் அடித்தது. உள்ளே இருந்த முனியாயி மலைச்சாமியின் தோளில் ஒரு இடி இடித்தாள்.

“ஒண்ணு அடிச்சா ஒன் டயர் வெடிச்சிருமா?”

“கை பழகிப்போச்சு ஆத்தா. நாளையிலருந்து மாத்திக்கிறேன்.”

மாற்றவில்லை. சுந்தரம்மாளும் மாற்றச் சொல்லவில்லை.

தலைத் திவசம் முடிந்து திருப்பதிக்குக் கல்யாணமாயிற்று. பெண் மதுரை, படித்த பெண். வருகிற தைக்கு இருவரும் தலைப்பொங்கலுக்கு வந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று பெட்டியை இறக்கித் திறந்து வைத்து, வெள்ளைத்துரையின் அண்ணன் உக்கிரபாண்டி சூடம் காட்டிக்கொண்டிருந்தார். அந்த வகையறாவுக்குச் சாமி காரியத்தில் அவர் வார்த்தைதான் வார்த்தை. திருப்பதி தன் தோல்பையிலிருந்து கருநீல அட்டை ஒன்றை எடுத்தான். பொன் எழுத்தும் கீழே ஒரு முத்திரையும் இருந்தன.

“சின்னவளுக்குக் கொண்டாந்தேன்.”

“என்னய்யா அது?”

“நட்சத்திரம் ஆத்தா.”

மெட்ராசில் அவன் ஒரு வானியல் கழகத்தில் சேர்ந்திருந்தான். அந்த வருடம் வால்நட்சத்திரம் வருகிறதென்று ஊரெல்லாம் அதே பேச்சு. கழகத்தார் பெரிய தொலைநோக்கி ஒன்று செய்து ஆராய்ச்சி நடத்தப் பணம் திரட்டினார்கள். அதற்கு நட்சத்திரங்களைத் தத்துக் கொடுத்தார்கள். நன்கொடை தருகிறவர் யார் பெயரைச் சொல்கிறாரோ அந்தப் பெயருக்கு ஒரு நட்சத்திரத்தை எழுதி அட்டை தருவார்கள். திருப்பதி நன்கொடை கொடுத்ததோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்த் தொலைநோக்கிக்கான கண்ணாடியைக் கையாலேயே தேய்த்துக் குழிக்கிற வேலை செய்துவிட்டு வந்தான். விரல்களில் தோல் உரிந்திருந்ததைக் காட்டினான். பிறகு அட்டையைப் பிரித்து வாசித்தான்.

“ராக்கு, வெள்ளைத்துரை மகள்.”

உக்கிரபாண்டி சூடத்தட்டோடு திரும்பினார். “பேரச் சொல்லாதடா.”

“சொன்னா என்ன பெரியப்பா? அதெல்லாம் அந்தக் காலம். அவ பேர மேலயே எழுதியாச்சு.”

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அந்தப் பெயர் கேட்டது. சுந்தரம்மாள் மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இன்னொருக்க வாசிய்யா” என்றாள். அவன் வாசித்தான். உக்கிரபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கி, யாரும் சொல்லாமலே, பெட்டியில் பாவாடைக்கு மேல், சீப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பெரியவர் இன்னொரு கட்டிச் சூடம் எடுத்து ஏற்றினார். பெட்டி பரணுக்குப் போயிற்று.

பொழுது அடைந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனாள். மேற்கே மலை கறுத்துக் கிடந்தது.

“எதுய்யா?”

“அந்தா, அந்த மலைக்கொண்டைக்கு மேல. கண்ணுக்குத் தெரியாது ஆத்தா. தொலைநோக்கியிலதான் தெரியும்.”

“தெரியாததையா பிடிச்ச?”

“அதுலதான் விசேசம். அது மங்கும், மறுபடி ஒளி கூடும். ஒரு சுத்துக்குப் பத்து மாசம் ஆகும். ஏன் அப்பிடி ஆகுதுன்னுதான் ஆராய்ச்சி. அவ பேரால அது நடக்கும்ல.”

பத்து மாசம் என்பதை மட்டும் சுந்தரம்மாள் பிடித்துக்கொண்டாள். திரும்பி வருகிற வழியில் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மருமகளுக்கு மட்டும் தனியாகப் பாலில் பனங்கற்கண்டு போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் அய்யம்மாளும் முனியாயியும் திருப்பதியைத் தேடி வந்தார்கள்.

“அப்பு, நீ படிச்ச பிள்ள. போடியில மொதலாளி வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வா. இந்த வருசமாச்சும் கொப்பக் கழிச்சு விடச் சொல்லு. நாங்க சொன்னா, பாப்போம் பாப்போம்னே பல்லக் குத்திக்கிட்டு இருக்காரு.”

அவன் போனான். மதியத்துக்குள் வந்துவிட்டான். கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பச்சை மாறாத முதல்தரக் காய்; ஒரு மணிகூட வெடிக்காதது. மலையில் எடுக்கிறவர்கள் வீட்டுக்கு அப்படிப்பட்ட காய் வந்ததில்லை.

“நல்ல மனுசன் ஆத்தா. ரொம்ப வருத்தப்பட்டாரு. காப்பி குடுத்தாரு.”

“கொப்பு?”

“எடுத்த எடுப்புல எப்பிடிக் கேக்குறது? பேச்சு நட்சத்திரத்தப் பத்திப் போயிருச்சு. அவரும் அவுக அப்பா பேருக்கு ஒண்ணு எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. கழகத்துக்கு நல்லது.”

சுந்தரம்மாள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அது மருமகளின் பையிலேயே மெட்ராசுக்குப் போயிற்று.

ஜீப்பில் ஒரு வாரத்துக்கு நட்சத்திரம்தான் பேச்சு.

“ஏன் மதினி, அங்கயும் காய் எடுக்கணுமா?” என்று முனியாயி சுந்தரம்மாளைக் கேட்டாள்.

“எடுக்கணும். கங்காணி இல்லாம இருக்குமா?”

“அங்க குளிருமாம்ல. கம்பிளி குடுப்பாகளா?”

“இங்கயே குடுக்கல. அங்க குடுக்கப் போறாகளாக்கும்.”

சிரித்துக்கொண்டிருந்த அய்யம்மாள் வெளியே மரங்களைப் பார்த்தபடி சொன்னாள். “அங்க மரம் கிடையாது. அது ஒண்ணே போதும்.”

மருமகள் உண்டானாள். செய்தி வந்த நாளிலிருந்து சுந்தரம்மாள் விரலை மடக்கிக்கொண்டே இருந்தாள். ஆண் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது என்று முனியாயி ஒருநாள் கேட்டதற்கு அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. மாசியில் மதுரையில் பிரசவமாயிற்று. பெண் குழந்தை. பேர் வைக்கிற அன்று சுந்தரம்மாள் பிள்ளைக்குச் சின்ன வளையலும் பட்டுத்துணியும் வாங்கிக்கொண்டு, முறைக்குப் பெரியவர் உக்கிரபாண்டியையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்சில் கிளம்பினாள். பஸ்சில் அவள் வாயில் அந்தப் பெயர் உருண்டுகொண்டே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று அதைப் பல்லுக்குள் பிடித்து வைத்திருந்தாள்.

சம்பந்தி வீட்டில் மொசைக் தரை. பெரியவருக்கு நாற்காலி போட்டு, பலகாரத் தட்டை மடியிலேயே வைத்தார்கள். சுவரில் வண்ணக் காகிதத்தில் ‘அபிநயா’ என்று வெட்டி ஒட்டியிருந்தது. சுந்தரம்மாள் அதை வாசித்தாள். யார் பெயரோ என்று நினைத்தாள். பிறகு புரிந்தது.

மகனைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். “இது கூப்பிடுற பேராய்யா? காதுல சொல்லுறது சின்னவ பேருதான?”

திருப்பதி மனைவியைப் பார்த்தான். மருமகள் குரலை உயர்த்தவில்லை. “அத்தே, ஸ்கூலுக்குப் போற பிள்ள. அந்தப் பேருன்னா கூடப் படிக்கிறதுக சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்த்தா. சிரிச்சா என்ன?”

“அதில்ல ஆத்தா” என்றான் திருப்பதி. பெரியவரின் நாற்காலிப் பக்கம் திரும்பினான். “பெரியப்பா, நீங்களே சொல்லுங்க. ஒரு பேர ரெண்டு எடத்துல வைக்கலாமா? சின்னவ பேரத்தான் நட்சத்திரத்துக்குக் குடுத்தாச்சே.”

அதெல்லாம் அந்தக் காலம் என்று சொன்ன அதே வாய். உக்கிரபாண்டி அதிரசத்தை மென்று முடித்தார். அவ்வளவு பெரிய வீட்டில், அத்தனை பேர் முன்னால், அவரிடம் ஒரு தீர்ப்புக் கேட்கிறார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அதெப்பிடி வைக்க முடியும்? குடுத்த பேரு குடுத்ததுதான். வழக்கம்னா வழக்கம்.”

“மச்சான், அது அட்டை” என்றாள் சுந்தரம்மாள்.

“அட்டையில என்ன எழுதியிருந்துச்சு? அவ பேருதான? நீயாத்தானம்மா வாங்கிப் பெட்டியில வச்ச. நான் சூடம் காட்டிக்கிட்டு நின்னேன், ஏங் கண்ணு முன்னால வச்ச. பெட்டிக்குள்ள போனது அவளோடது. அத எடுத்து இன்னொரு பிள்ளைக்கு எப்பிடிக் குடுப்ப?”

சுந்தரம்மாளுக்குச் சீப்பும் பாவாடையும் கருநீல அட்டையும் கண்ணுக்குள் வந்தன. தன் கைதான். சேலையில் துடைத்துவிட்டு வைத்த அதே கை. பெரியவர் சொன்னதில் எங்கே ஓட்டை என்று அவள் தேடினாள்; வழக்கத்தில் ஓட்டை இல்லை. மகனிடம் திரும்பினாள்.

“அங்க யாராச்சும் அந்தப் பேரச் சொல்லுறாகளா?”

“எங்க ஆத்தா?”

“ஒங்க கழகத்துல. கண்ணாடி வச்சுப் பாக்குறாகள்ல, பாக்குறப்போ அந்தப் பேரச் சொல்லுவாகளா?”

திருப்பதி பொய் சொல்லத் தெரியாதவன். அது அவனிடம் நல்ல குணம் என்று எல்லோரும் சொல்வார்கள். “பாக்குறப்போ நம்பர்தான் சொல்லுவோம். உலகம் பூரா அந்த நம்பர்தான். ஆராய்ச்சிக்கு அதுதான் சரி. பேரு நம்ம கழகத்துல மட்டும், ஒரு மரியாதைக்கு.”

“மரியாதைக்கு” என்றாள் சுந்தரம்மாள்.

“அந்தப் பணத்துல எவ்வளவு நடக்குது தெரியுமா ஆத்தா? கண்ணாடி முடிஞ்சிருச்சு. அந்த நட்சத்திரம் மங்குனதையும் கூடுனதையும் நாங்க பாத்து அனுப்புனத வெளிநாட்டுல ஏத்துக்கிட்டாங்க.”

அவன் கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே தங்கைக்குச் செய்ததாக அவன் நம்பினான். அதனால்தான் அவனைத் திட்டவும் முடியவில்லை. முதலாளியைத் திட்டலாம், மரத்தைத் திட்டலாம், பெரியவரையும் போகிற வழியில் நாலு கேட்கலாம். இவனை என்ன சொல்வது? கேட்டதைச் செய்யாமல், கேட்காததை அவ்வளவு பிரியமாகச் செய்துவிட்டு நிற்கிறான்.

குழந்தையைக் கொண்டுவந்தார்கள். அத்தை முறைக்காரி மடியில் வைத்துக் காதில் பெயர் சொல்ல வேண்டும். அத்தை எங்கே என்று சம்பந்தி வீட்டில் வயதானவள் ஒருத்தி கேட்டாள். பிறகு சுந்தரம்மாளையே சொல்லச் சொன்னார்கள்.

அவள் உட்கார்ந்து குழந்தையை வாங்கினாள். நல்ல கனம். நெற்றியும் மேலுதடும் யாருடையவை என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. குனிந்தாள். பல்லுக்குள் பிடித்து வைத்திருந்தது நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்து, எழுத்துக் கூட்டாமல், தடுமாறாமல், “அபிநயா” என்று மூன்று முறை சொன்னாள். குழந்தை கொட்டாவி விட்டது.

“அத்த எவ்வளவு தெளிவாச் சொன்னாக” என்று மருமகள் மெச்சினாள்.

திரும்பி வருகிற பஸ்சு உசிலம்பட்டியைத் தாண்டியது. சுந்தரம்மாள் கேட்டாள். “மச்சான், அந்த அட்டைய மட்டும் எடுத்துட்டா?”

“எடுக்கக் கூடாதும்மா.”

“எலி இழுத்துட்டுப் போனா?”

உக்கிரபாண்டி கொஞ்சம் யோசித்தார். “எலி இழுத்தாலும் பேரு பேருதான்” என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். அவர் துண்டு முடிச்சில் சம்பந்தி வீட்டு அதிரசம் எண்ணெய் ஊறியிருந்தது.

அடுத்த தையில் பெட்டியை இறக்கியபோது பாவாடை ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. சீப்பில் பல் ஒன்று உதிர்ந்திருந்தது. அட்டை புதுக் கருக்கு மாறாமல் இருந்தது. பொன் எழுத்து அப்படியே மின்னியது. சுந்தரம்மாள் அதை வாசித்தாள். உதடு அசையாமல், மனதுக்குள்தான். அதற்கு முந்தைய ஆடியிலும் தோட்டத்தில் கொப்புக் கழிக்கவில்லை. வந்த ஆடியிலும் கழிக்கவில்லை. முதலாளியின் அப்பா பெயருக்கு வந்த கருநீல அட்டை போடி வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது என்று ஏலக்காய் மூட்டை இறக்கப் போனவர்கள் சொன்னார்கள். அந்த அப்பா வயதாகிக் கட்டிலில் செத்தவர்.

அபிநயா ஒன்றிரண்டு முறை ஊருக்கு வந்தாள். சுந்தரம்மாள் அவளை “பாப்பா” என்றே கூப்பிட்டாள். கூப்பிட்டால் ஓடி வருகிற பிள்ளை.

மலைச்சாமிக்குக் கண் மங்கிவிட்டதால் அவன் மச்சினன் சோணை இப்போது ஜீப்பை ஓட்டுகிறான். கம்பம் பக்கத்துக்காரன். ராக்குவைப் பார்த்ததில்லை, அப்படி ஒருத்தி இருந்ததும் தெரியாது. எந்த வீட்டுக்கு எத்தனை ஆரன் என்று மலைச்சாமி முதல்நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததை அப்படியே அடிக்கிறான். அய்யம்மாள் வீட்டுக்கு ஒன்று, முனியாயி வீட்டுக்கு மூன்று.

சுந்தரம்மாள் வீட்டுக்கு இரண்டு.